இரண்டு தாங்கிகளும் ஒரு இலக்குப் பெட்டியும்: சுடுதல் கழக மூத்தோர் பிரிவின் நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

வணக்கம். எங்கள் ஊர்ச் சுடுதல் கழகத்தின் மூத்தோர் பிரிவுக் குழுவினர் எழுதுகிறோம். காசு கேட்டுத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூத்தவர்கள் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுவதற்கான உபகரணங்கள் வாங்கத் தேவை 4,230 யூரோ. எங்கள் கைகளில் சேர்ந்தது 1,130. இன்னும் 3,100 யூரோ வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் கழக மண்டபத்தில் பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பயிற்சி நடக்கிறது. இந்தப் பிரிவில் பதினொரு பேர் தமிழர்கள். எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்து, உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலை இரவு வேலையிலும் முதுகு முறிந்து, இப்போது ஓய்வூதியக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசிக்கிற வயதுக்காரர்கள். அவர்களில் ஒரு ஐயாவுக்கு வயது 74. தேநீர்க் கோப்பையை அவர் தூக்கினால் தட்டில் தாளம் கேட்கும். ஆனால் மனுசனின் கண்ணும் பொறுமையும் அப்படியே இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்தை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து 60 முறை சுடுவதுதான் ஒலிம்பிக் முறை. அவருக்குப் பத்தாவது சன்னத்திலேயே கை தாழ்ந்துவிடும்.

இப்படியானவர்களுக்காக இந்த நாட்டில் 'அவுஃப்லாக' என்று ஒரு போட்டி முறை இருக்கிறது. துப்பாக்கியை ஒரு தாங்கியின் மேல் வைத்துச் சுடுவது. 51 வயதிலிருந்து சேரலாம், அதற்கு மேல் வயதுவாரியாக வகுப்புகள் உண்டு. சுட வேண்டியது 30 சன்னங்கள்தான். கூடிய வயது வகுப்புகளில் முக்காலியில் இருந்தபடியும் சுடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெள்ளி வென்றாரே துருக்கிக்காரர் யூசுப் டிகெச், அவருக்கு அப்போது வயது 51. இங்கே என்றால் மூத்தோர் பிரிவில் சேர்த்திருப்போம்! (1920இல் அன்ட்வேர்ப்பில் சுவீடனின் ஒஸ்கார் ஸ்வான் 72 வயதில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். அவர்கள் எல்லாம் வேறு பிறவிகள்.)

"தாங்கியில் வைத்துச் சுட யாருக்குத்தான் முடியாது?" என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து சுட்டுப் பாருங்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. தாங்கி துப்பாக்கியின் பாரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் உள்ள முன்குறியையும் பின்குறியையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது உங்கள் பாடு. முன்குறி ஒரேயொரு மில்லிமீற்றர் பிசகினால் பத்து மீற்றர் தூரத்தில் சன்னம் மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு விலகிப் போகும். விசையை வெடுக்கென்று இழுத்தாலும் அதே கதைதான். மூச்சை அரைவாசி விட்டு, விசையை மெல்ல மெல்ல அழுத்தி, எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியாமல் வெடிக்க வேண்டும். அதற்குக் கை பலம் தேவையில்லை, மனம் அடங்கினால் போதும்.

தாங்கி இருப்பதால் பத்துகள் அடிக்கடி விழும். அதனால் வெற்றி தசமத்தில்தான் தீர்மானமாகும். பத்துக்குள்ளும் 10.0, 10.4, 10.9 என்று பிரித்து எண்ணுவார்கள். 10.9 தான் உச்சம். முப்பதும் அப்படி விழுந்தால் 327. அந்தத் தசமத்தைத் தாளைப் பார்த்துக் கண்ணால் சொல்ல முடியாது. இதை வைத்துக் குழுவுக்குள் இரண்டு கூட்டம் சண்டை போட்டோம். தாள் இலக்கே போதும் என்றார்கள் பாதிப்பேர். கடைசியில் சுடும் இடம் ஒன்றுக்கு மட்டும், தசமத்தைத் தானே கணக்கிடுகிற மின்னணு இலக்குப் பெட்டி என்று முடிவானது. அதற்கு 2,400 யூரோ. உயரம் மாற்றக்கூடிய தாங்கிகள் இரண்டுக்கு 480. பாவித்த, நல்ல நிலையில் உள்ள கைத்துப்பாக்கி ஒன்றுக்கு 900.

மிச்சம் 450 யூரோ எங்கள் அசட்டையின் விலை. எங்கள் துப்பாக்கிகளில் காற்று அடைக்கும் சிலிண்டருக்குப் பத்து வருட ஆயுள்தான். ஆயுள் முடிந்ததைப் போட்டியில் பாவிக்க விடமாட்டார்கள். போன வருடம் ஒரு போட்டிக்கு நான்கு பேர் ஒரே காரில் நெருக்கியடித்துப் போய் இறங்கினோம். உபகரணம் சோதிக்கும் மேசையில் இருந்தவர் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் பொறித்திருந்த திகதியில் விரலை வைத்தார். மூன்று துப்பாக்கிக்கும் அதே நிலை. கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். யாரிலும் பிழையில்லை, எங்களில்தான். மூன்று புதுச் சிலிண்டர்கள் வாங்க வேண்டும்.

அப்புறம், கேட்காமல் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், வயதுபோன காலத்தில் துவக்குப் பிடிக்கிறதோ?" சில வீடுகளில் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அதை நாங்கள் சிரித்துத் தட்டிவிடவில்லை. கணவரோடு துணைக்கு வந்த ஒரு அக்கா ஒரு வருடம் கதவுக்கு வெளியிலேயே இருந்தார். இப்போது உள்ளே வந்து புள்ளிகளை எழுதுகிறார். துப்பாக்கியை இன்றைக்கும் தொடுவதில்லை, நாங்களும் தொடச் சொல்வதில்லை. காற்றுத் துப்பாக்கியின் சத்தம் உள்ளங்கையைத் தட்டுகிற அளவுதான் என்பதை அவரே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். சுடும்போது பொறுப்பாளர் ஒருவர் எப்போதும் பின்னால் நிற்பார். துப்பாக்கிகள் கழகத்தின் பூட்டிய பெட்டியை விட்டு யார் வீட்டுக்கும் போவதில்லை.

சரி, தருகிற விதம். கழகம் பொதுநல அமைப்பாகப் பதிவானது, ஆகவே நன்கொடையை வருமான வரியில் காட்டலாம். 300 யூரோ வரைக்கும் வங்கிக் கணக்குத் துண்டு போதும், அதற்கு மேலே என்றால் கழகம் பற்றுச்சீட்டு எழுதித் தரும். பத்து யூரோவும் எங்களுக்குக் காசுதான். பெயர்ப்பலகை மட்டும் வைக்கமாட்டோம் (எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, எழுத்துப் பெரிதா சிறிதா என்று தொடங்கிவிடும்). வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில்லும் மண்டப அறிவித்தல் பலகையில் தொங்கும். காசு மிஞ்சினால் சன்னம் வாங்குவோம்.

கார்த்திகைக்குள் பொருட்களை வாங்கிவிட்டால் தை மாதம் இரண்டு தாங்கியும் பாவனைக்கு வரும். வங்கி விபரம் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. நேரில் பார்த்துவிட்டுத் தர விரும்புகிறவர்கள் எந்தச் செவ்வாயும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள். வாசலில் மணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
மூத்தோர் பிரிவுக் குழு