பறங்கியும் பிரெஞ்சும்: தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். இனி வரும் பதிப்புகளில் 'பறங்கி', 'பிரெஞ்சு' ஆகிய இரு சொற்களின் கீழும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. பிரான்சு நாட்டுக்குப் பெயர் தந்த பிராங்கு இனத்தாரின் பெயரைச் சிலுவைப் போர்க் காலத்து அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுவாக வழங்கினர். அது பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி, சொல்லின் முதலில் ஃபகரம் வராத தமிழில் 'பறங்கி' ஆயிற்று. 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர்மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1674இல் உண்மையான பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறியபோது, அவர்களுடைய முன்னோரின் பெயர் தமிழகத்தில் ஏற்கெனவே பிறருக்கு உரியதாகிவிட்டிருந்தது. சொற்களின் பயணத்தில் இதைவிட வியப்பான ஒன்றை நான் அறிந்ததில்லை.

அந்தப் பெயர் தாங்கி நின்றவை எத்தனை! போர்ச்சுகீசியர் போர்ட்டோ நோவோ என்றழைத்த துறைமுகம் நமக்குப் பறங்கிப்பேட்டை; 1781இல் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் மோதியது அங்கேதான். புனித தோமையார் மலை பறங்கிமலை ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பூசணி வகை, கொண்டுவந்தவர் பெயரால் பறங்கிக்காய் ஆகிக் கூட்டிலும் சாம்பாரிலும் கலந்துவிட்டது. சித்த மருத்துவம் கையாளும் பறங்கிப்பட்டையோ சீனத்திலிருந்து வந்த கிழங்கு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, 'நான் பறங்கியன் அல்லன்' என்று வலியுறுத்த வேண்டியிருந்ததிலிருந்தே அச்சொல் அன்று சுமந்திருந்த இழிவு விளங்கும்.

ஒரு நோய்க்கும் இப்பெயர் ஒட்டிக்கொண்டது தனியே கவனிக்கத்தக்கது. 1495இல் நேப்பிள்சைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினரிடையே பரவிய மேகநோயை (சிபிலிஸை) இத்தாலியர் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் அதையே 'நேப்பிள்சு நோய்' என்றனர். நாமோ 'பறங்கிப்புண்' என்றோம். வேற்றார்மேல் பழிபோடும் அதே பழக்கம், அதே வேர்ச்சொல்லோடு, இரு கண்டங்களில் நிகழ்ந்திருக்கிறது. இதை அகராதியில் காணும் மாணவர் ஒரு வரியில் எவ்வளவு வரலாற்றைக் கற்பார்!

புதிய உணவுப் பெயர்களைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். பிரெஞ்சு ஃப்ரைசைப் பிரான்சில் வெறும் 'ஃப்ரீட்', அதாவது பொரித்தவை, என்கிறார்கள். பிரெஞ்சு டோஸ்ட் அங்கே 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பொருள்படும் பெயரால் வழங்குகிறது. எனவே 'பிரெஞ்சு வறுவல்' என்று புதுச்சொல் படைப்பதைவிட, நம் உணவகங்களில் வேரூன்றிவிட்ட 'ஃபிங்கர் சிப்ஸ்' என்ற வழக்கைப் பதிவுசெய்வது நேர்மையானது என்பது என் கருத்து.

இறுதியாக, எழுத்து. ரயில் நிலையப் பலகைகளில் 'பரங்கி' என்றும் நூல்களில் 'பறங்கி' என்றும் காணப்படுவதால், இரு வடிவங்களையும் தலைச்சொல்லாகத் தந்து ஒன்றை மற்றொன்றுக்கு வழிகாட்டச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
அகராதி வாசகன் ஒருவன்