வரைபடத்தையும் பலகையையும் மாற்றி வெட்டிக் கொடுத்த ஸ்லாட் கார் டிராக் குறித்துப் புகார்

அனுப்புநர்:
மோட்டார் ரீவைண்டிங் கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் பிரிவு,
சிஎன்சி பலகை வெட்டும் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

ஐயா,

வணக்கம். சித்திரைக் கடைசியில் தங்கள் பட்டறைக்கு நேரில் வந்து, நான்கு தடங்கள் கொண்ட ஸ்லாட் கார் பந்தய டிராக்குக்கு ஐந்து பலகைகள் வெட்டித் தரச் சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ஸ்லாட் கார் என்பது பலகையில் வெட்டிய காடி என்னும் குறுகிய பள்ளத்தின் வழியே ஓடும் சிறு மின்சாரக் கார்; கையிலுள்ள கன்ட்ரோலரை விரலால் அழுத்தி அதன் வேகத்தை மாற்றுவார்கள். ஆனி இரண்டாவது வாரம் பலகைகள் வந்து சேர்ந்தன. தங்களை நம்பி, கட்டைப் பிரித்துப் பார்க்கும் முன்பே மீதி 16,500 ரூபாயையும் லாரியில் வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே குறைகள் தெரிந்தன. மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். மூன்றாவது முறை தங்கள் ஊழியர், “பொம்மைக் கார் ஓடுகிற பலகைதானே சார், அதற்கு இவ்வளவு கணக்கா?” என்று கேட்டார். அந்தக் கணக்கு என்ன என்பதை எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதலில் வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். எங்கள் டிராக் சமதளமானது. வளைவின் வெளிப்பக்கத்தை உயர்த்திக் கட்டும் டிராக்குகளும் உண்டு; அவற்றில் கார் வேகம் அதிகம் குறையாமலே சுற்றி வந்துவிடும். சமதளத்தில் அது நடக்காது. வளைவுக்கு முன்னால் விரலைத் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்த்தியதும் கையிலுள்ள கன்ட்ரோலர் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறித் தன்னைத் தானே பிடித்து நிறுத்தும். இருபது வருடமாக மோட்டார்களுக்குக் காயில் கட்டும் எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் ஆசை வந்ததே அந்த பிரேக்கைப் பார்த்துத்தான். எங்கே விரலை விடுவது, எங்கே மறுபடி அழுத்துவது என்பதில்தான் ஓட்டுபவரின் திறமை இருக்கிறது. அதை முடிவு செய்வது வளைவின் வடிவம்.

மூன்றாவது, நான்காவது பலகைகளில் வரும் லாட வளைவை நானும் பொள்ளாச்சியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் சேர்ந்து வரைந்தோம். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பல வருடம் வண்டி ஏற்றி இறக்கியவர் அவர். நுழையும்போது அகலமாகத் தெரிந்து, உள்ளே போகப்போக இறுகுகிற வளைவுதான் ஓட்டுநரைச் சோதிக்கும் என்பார். அப்படியே உள் தடத்தின் ஆரம் 60 சென்டிமீட்டரில் தொடங்கி 38 வரை படிப்படியாகக் குறையும்படி வரைந்தோம். கிடங்குத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் முழு அளவில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகே கணினியில் ஏற்றிக் கொடுத்தோம்.

வந்திருப்பது காம்பஸ் வைத்துப் போட்ட அரை வட்டம். ஆரம் தொடக்கம் முதல் கடைசி வரை 45 சென்டிமீட்டர். கேட்டதற்கு, “வளைவு ஒழுங்கில்லாமல் இருந்தது, சரிசெய்துவிட்டோம்” என்றார்கள். அது ஒழுங்கில்லாமல் இருக்கவில்லை ஐயா. அப்படி இருக்க வேண்டும் என்றே வரையப்பட்டது. சந்தேகம் வந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். என் எண் வரைபடத்தின் மூலையிலேயே இருந்தது.

அந்த அரை வட்டத்தை இடத்துக்குள் அடக்குவதற்காகத் தடங்களையும் நெருக்கியிருக்கிறார்கள். ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் 100 மில்லிமீட்டர் கேட்டிருந்தேன். வளைவில் 88தான் இருக்கிறது. எங்கள் கார்கள் நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு என்ற அளவிலானவை, அகலம் 83 மில்லிமீட்டர். வளைவில் காரின் பின்பகுதி வெளியே வீசும். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்துக் காரை அடித்துத் தள்ளாமல் எப்படித் திரும்புவது?

அடுத்தது காடி. காரின் முன்பக்கத்தில் கைடு என்னும் சிறு தகடு உண்டு. அது காடிக்குள் இறங்கித்தான் காரை வழிநடத்துகிறது. 3.2 மில்லிமீட்டர் அகலமும் 9.5 மில்லிமீட்டர் ஆழமும் கேட்டேன். முதல் பலகையில் அகலம் சரியாக இருக்கிறது. ஐந்தாவது பலகைக்கு வரும்போது 2.8 ஆகிவிட்டது. மெஷினில் ஒரே வெட்டும் பிட்டை வைத்து ஐந்து பலகையையும் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த வகைப் பலகையில் இருக்கும் பசை பிட்டைத் தின்றுவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இதன் மேல் வண்ணம் ஏறினால் காடி இன்னும் குறுகும். ஆழமும் ஒரே சீராக இல்லை: ஓர் ஓரத்தில் 9.5, எதிர் ஓரத்தில் 7. பலகை மெஷின் மேல் சமமாகப் படியாமல் இருந்திருக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் கைடு அடியில் முட்டிக் காரின் மூக்கைத் தூக்குகிறது. தூக்கினால் காடியின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும், காருக்கு மின்சாரம் தரும் செம்புப் பின்னலோடு தொடர்பு அறுந்து, பொறி பறந்து, கார் நின்றுவிடுகிறது. செம்பை இரண்டு பலகைகளில் தற்காலிகமாக ஒட்டி, 12 வோல்ட் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு காடி கெட்டால் ஒரு தடம்தானே போகும் என்று தோன்றலாம். பாலம் போட்டுத் தடங்களைக் குறுக்கே கடத்தாத டிராக்கில், அதன் உருவம் எப்படி இருந்தாலும், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தடங்களுக்கு இடையே ஒரு சுற்றுக்கு 62.8 சென்டிமீட்டர் நீள வித்தியாசம் வந்தே தீரும். நான்கு தடங்களில் முதலுக்கும் கடைசிக்கும் 188 சென்டிமீட்டர். அதனால் ஒவ்வொருவரும் நான்கு தடங்களிலும் சம நேரம் ஓட்டி, சுற்றுகளைக் கூட்டித்தான் வெற்றியைச் சொல்ல முடியும். ஒரு தடம் பழுதானாலும் போட்டியே நடத்த முடியாது.

மூன்றாவது, பலகை. விலைப்புள்ளியில் 18 மில்லிமீட்டர் எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும் அடர்த்தியான பலகை), கன மீட்டருக்கு 850 கிலோ என்று இருக்கிறது. பில்லிலோ ‘போர்டு 18 எம்எம்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. பலகைகளோடு வந்த கழிவுத் துண்டில் 30-க்கு 30 சென்டிமீட்டர் அறுத்து நிறுத்தேன். 1 கிலோ 170 கிராம். கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 720 கிலோ வருகிறது. சொன்ன பலகையாக இருந்தால் 1 கிலோ 370 கிராமுக்கு மேல் இருந்திருக்கும். அதே துண்டை ஓர் இரவு தண்ணீரில் போட்டு வைத்தேன்; காலையில் வெர்னியர் அளவுகோலில் அதன் தடிமன் 21 மில்லிமீட்டர். இது மரநாரை அழுத்திச் செய்யும் சாதாரண எம்டிஎஃப் பலகை.

எங்கள் பக்கம் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். மேற்கே பெய்யும் அளவுக்கு இங்கே மழை இல்லை. ஆனாலும் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கணவாய் வழியாக வரும் காற்றில் எந்நேரமும் ஈரம்தான். டிராக் வைத்திருக்கும் இடம் ஒரு தேங்காய்க் களத்துக்குப் பின்னால் உள்ள பழைய கொப்பரைக் கிடங்கு. இதையெல்லாம் சொல்லித்தான் ஈரம் தாங்கும் பலகை கேட்டேன், அதற்கான விலையும் கொடுத்தேன். தாங்களோ தார்ப்பாயை அரைகுறையாகக் கட்டிய லாரியில் வேலந்தாவளம் வழியாக மழையில் அனுப்பினீர்கள். நனைந்த விளிம்பு இப்போது 19.4 மில்லிமீட்டர். எங்கள் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரத்தில்தான் போகும். நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வரும் கார் அந்த இணைப்புப் படியில் மோதி எகிறுகிறது. உப்பிய எம்டிஎஃப் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

நெளியும் பிளாஸ்டிக் பட்டையை ஆணியடித்து, அதன் ஓரமாகக் கை ரூட்டரை ஓட்டி நாங்களே காடி வெட்டியிருக்கலாம். உலகமெங்கும் வீட்டில் டிராக் கட்டுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகக் கூடாது என்றுதான் தங்களிடம் வந்தோம். 41,500 ரூபாயும் நான்கு பேர் சேர்த்த பணம்: நான், பஸ் நண்பர், கிடங்கு கொடுத்த கொப்பரை வியாபாரி, பள்ளி ஆசிரியர் ஒருவர். ஆசிரியரின் மாணவர்கள் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு வந்து, எங்கள் கிடங்கு எப்போது திறக்கும் என்று தினமும் கேட்கிறார்கள். ஓண விடுமுறையில் முதல் போட்டி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

ஆகவே, விலைப்புள்ளியில் உள்ள அதே எச்டிஎச்எம்ஆர் பலகையில், நான் கொடுத்த வரைபடத்தில் ஒரு கோடும் மாற்றாமல், ஐந்து பலகைகளையும் தங்கள் செலவில் மறுபடி வெட்டி, நனையாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் புதிய பிட் போடுங்கள். வெட்டும் நாளைச் சொன்னால் வெர்னியரோடு நானே வந்து நிற்கிறேன். பழைய பலகைகளை அதே வண்டியில் எடுத்துச் செல்லலாம். இது முடியாது என்றால் 41,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. விலைப்புள்ளி, பில், வரைபடம், அளவெடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். தண்ணீரில் ஊறிய துண்டையும், ஊறாத துண்டையும் தனித்தனியே பெயரெழுதிக் கடையில் வைத்திருக்கிறேன். தங்கள் ஆள் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை.