ஹவெவருக்கு முன்னால் ஒரு புள்ளி

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். சிங்கப்பூர் வேலைக்கு நீ எழுதிய விண்ணப்பக் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்று பேச்சு திரும்பும் இடங்களில் மட்டும் ஆங்கிலம் இடறுகிறது.

‘ஐ ஹேவ் நோ டிகிரி, ஹவெவர் ஐ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கே ‘பட்’ இருந்தால் அந்தக் கமா போதும். இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துக் கட்டுவது ‘பட்’டின் வேலை, ஹவெவர் அப்படிக் கட்டாது. அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வை. பின்னால் கமா போடு. நடுவில் நுழைத்தால் இரண்டு பக்கமும் கமா. இதே சொல் ‘ஹவெவர் ஹார்ட் ஐ ட்ரை’ என்று கமா இல்லாமல் வந்தால் பொருளே வேறு: எவ்வளவுதான் முயன்றாலும்.

அப்புறம், ‘ஆல்தோ ஐ லிவ் இன் யாங்கூன், பட் ஐ கேன் ஜாயின் சூன்’. ‘ரங்கூனில் இருந்தாலும் சீக்கிரம் வந்துவிடுவேன்’ என்று சொன்ன பிறகு நடுவில் ‘ஆனால்’ எதற்கு? பர்மியத்திலும் இருந்தாலும் என்கிற ‘பேமே’ சொல்லிவிட்டால், ஆனால் என்கிற ‘டாபேமே’ வேண்டாமே. ஆல்தோ இருந்தால் ‘பட்’டை எடுத்துவிடு. ‘இருந்தும்’ என்று பொருள் தரும் டிஸ்பைட்டுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல் போடு: ‘டிஸ்பைட் த டிஸ்டன்ஸ்’ சரி, ‘டிஸ்பைட் ஐ லிவ் ஃபார்’ தப்பு.

இதெல்லாம் திருத்திவிடலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் படிப்பவர் மனதில் தங்கும். ‘கணக்கு எழுதிய அனுபவம் உண்டு, ஆனால் அங்குள்ள வரி முறை தெரியாது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கிறவர் ‘தெரியாது’ என்பதை எடுத்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவார். மொகல் தெருக் கடையில் சரக்கு, கடன், கல்லா எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தவள் நீ. அதை ஏனம்மா முன்னால் வைத்து மங்கடிக்கிறாய்? திருப்பிப் போடு: ‘அங்குள்ள வரி முறை எனக்குப் புதிது. ஆனால் ஒரு கடையின் முழுக் கணக்கையும் நானே பார்த்திருக்கிறேன்.’ இரண்டும் உண்மைதான், எதையும் மறைக்கவில்லை.

ஒரு கடிதத்துக்கு ஒரு ஹவெவர் போதும், மற்ற இடங்களில் பட் போடு. வாக்கியத்தை ‘பட்’டில் தொடங்குவது தப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே.

திருத்தி அனுப்பு, இன்று இரவே பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா