கேட்ல பாத்த தேதி லேப் சீட்டுல ஏன் இல்ல?

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்துக்கு, வணக்கம்.

எங்கம்மா ஃபைல் உங்ககிட்ட 11 வருஷமா இருக்கு, முடக்குவாதம், சுகர் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை, நேரா விஷயத்துக்கு வரேன். போன மாசம், 2022 ஜனவரி கடைசில ரிவ்யூவுக்கு வந்தப்ப, கொரோனா தடுப்பூசி சர்டிஃபிகேட் காட்டுனாத்தான் உள்ள விடுவேன்னு செக்யூரிட்டி அண்ணன் கேட்லயே நிறுத்துனாரு. "முந்தாநாள்தான் மூணாவது டோஸா, நல்லதும்மா"ன்னு தேதியப் படிச்சே சொன்னாரு. அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன், லேப், ஓபின்னு மூணு எடம் தாண்டுனோம், அந்தத் தேதிய ஒருத்தரும் கேக்கல. மொபைல் நம்பர மட்டும் மூணு எடத்துலயும் கேட்டாங்க.

உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம் சிஆர்பி, அம்மாவுக்கு எப்பவும் 6, 7ன்னு இருக்குறது அன்னிக்கு 41. டியூட்டி டாக்டர் நோய் ஆக்டிவ் ஆயிடுச்சுன்னு ஸ்டீராய்ட கூட்டி எழுதிட்டாரு. மூட்டு எதுவும் வீங்கலயே சார்னேன், ரிப்போர்ட்தான் சொல்லுதேன்னாரு. ஸ்டீராய்டு சுகர ஏத்தும்ல, நாலாம் நாள் சுகர் 386. ராத்திரி பூரா ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு எந்திரிச்சு, அந்தக் கோணிப்போன விரலால செவுத்தப் புடிச்சு நடந்து, விடியக்காலம் மூணு மணிக்கு பாத்ரூம் வாசல்ல உக்காந்துட்டு எழுப்பி விடுடான்னு கூப்புட்டாங்க. மாத்திரையிலயே சமாளிச்சவங்களுக்கு இப்ப வயித்துல இன்சுலின்.

உங்களுக்கு நான் பாடம் எடுக்கக்கூடாது. ஆனா தடுப்பூசி போட்டதும் உடம்பு முழிச்சுக்கும், ஐஎல்-6ங்கற சிக்னல் புரதம் ஏறும், அதப் பாத்து ஈரல் சிஆர்பிய உற்பத்தி பண்ணும், ரெண்டு மூணு நாள் ஏறி நிக்கும், தூண்டுதல் நின்னுட்டா கிட்டத்தட்ட 19 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாகும், இதெல்லாம் உங்க புத்தகத்துல இருக்குறதுதான? அழற்சிக்கு எடுக்குற இன்னொரு ரத்த டெஸ்ட்டான ஈஎஸ்ஆர் எறங்க இன்னும் நாளாகும். பத்து நாள் கழிச்சு எடுத்தப்ப சிஆர்பி 7தான். ஸ்டீராய்டாலதான் கொறஞ்சுதுன்னு சொல்வீங்க, சொல்லுங்க, ஆனா வீங்காத மூட்டுக்கு எதுக்கு ஸ்டீராய்டு, ஒரு வாரம் பொறுத்து மறுபடி ரத்தம் எடுத்திருக்கலாமே?

தடுப்பூசி வேணாம்னு வாட்ஸப்புல கத்துற கோஷ்டி இல்ல நான், அம்மாவுக்கு மூணு டோஸும் கூட்டிட்டுப் போனது நான்தான். காய்ச்சல் விடல, மூட்டு வீங்கிருக்கு, பிளேட்லெட் கொறையுதுன்னா ஊசி மேல பழியப் போட்டுட்டு சும்மா இருக்கச் சொல்லவும் இல்ல. நான் கேக்குறது ஒண்ணுதான், லேப் சீட்டுல 'கடைசியா தடுப்பூசி போட்ட தேதி'ன்னு ஒரு கட்டம். புது பில்டிங்குக்கு கண்ணாடி போட காசு இருக்கு, வெயிட்டிங் ஹால்ல முட்டிவலிக்காரங்க உக்கார நாற்காலி இல்ல, அது வேற கத, விடுங்க.

கோவத்துல ஏதாச்சும் அதிகமா எழுதியிருந்தா மன்னிக்கணும். அந்த ஒரு கட்டத்த தயவுசெஞ்சு சேத்துடுங்க. அது அச்சாகி வர்ற வரைக்கும் ரத்தம் எடுக்குற சிஸ்டர வாயால கேக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு அடுத்த ரிவ்யூ 14ஆம் தேதி, சர்டிஃபிகேட் கையிலயே இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பழைய பேஷண்ட்டோட மகன்