மேரி இங்கிள்ஸ் நடந்த வழியைப் பார்க்க உதவியவர்களுக்கு

பிளாக்ஸ்பர்க் நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு நாளும் சளைக்காமல் கார் ஓட்டிய அண்ணனுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு குளிருக்குத் தன் ஜாக்கெட்டையும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முதல் நன்றி.

வர்ஜீனியாவில் நாம் இன்று குடியிருக்கும் இந்த இடம்தான், ஐரோப்பியர் குடியேறியிருந்த அன்றைய டிரேப்பர்ஸ் மெடோ. 1755 ஜூலையில் அமெரிக்கப் பழங்குடியினரான ஷானி வீரர்கள் இங்கே தாக்கி, இங்கே வாழ்ந்த மேரியையும் அவருடைய இரண்டு சின்ன மகன்களையும் பிடித்துப் போனார்கள். தங்கள் நிலம் பறிபோகிற வேதனை ஷானிகளுக்கும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கென்டக்கியின் பிக் போன் லிக்கில் நின்றபோதுதான் தூரம் உறைத்தது. அங்கே உப்புக் காய்ச்சும் வேலையில் இருந்தபோதுதான், ஒரு வயதான ஜெர்மன் அம்மாவோடு மேரி தப்பி, வீட்டை நோக்கிக் கிளம்பியிருக்கிறார். நாற்பது நாளுக்கு மேல் நடை. ஓஹையோ, கனாவா, அப்புறம் நம் நியூ ரிவர் என்று ஆற்றங்கரையோடே வந்தார்கள். குறுக்கே ஓர் ஆறு வந்தால், இறங்கிக் கடக்கிற இடம் கிடைக்கும்வரை கரையோடு மேலே போகவேண்டும். கடந்தபின் மறுகரையில் அத்தனை தூரமும் திரும்ப வரவேண்டும். நாம் பாலத்தில் ஒரு நிமிடத்தில் தாண்டிய ஆறுகள் அவை. பசி முற்றியபோது அந்த அம்மாவே மேரியைக் கொல்லப் பார்த்தார். மேரி தப்பி, மறுகரையில் தனியாக நடந்தார்.

கடைசியில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் நின்று குரல் கொடுத்தார். ஆடம் ஹார்மன், பழைய அண்டை வீட்டுக்காரர், குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டுகொண்டார். ஒட்டிய வயிற்றுக்கு ஒரேயடியாகச் சாப்பாடு போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றினார். இதையெல்லாம் மேரியின் மகன் ஜான் பின்னாளில் எழுதிவைத்தார். அந்தப் பழைய ஆங்கிலத்தைக் காரில் வரி வரியாகப் படித்துச் சொன்ன தம்பிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது?

தம்பி, அந்த ஜெர்மன் அம்மாவையும் தேடிக் கூட்டிவரும்படி மேரி கேட்ட இடம் வந்ததும் உன் குரல் நின்றுபோனது. கொல்லப் பார்த்தவரையா என்று ஹார்மன் முதலில் மறுத்தார். பிறகு போய்க் கூட்டிவந்தார். காருக்குள் அதன்பின் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

அக்கா, ஜாக்கெட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன், அந்தக் கொல்லைக் கதையை உங்களுக்கும் முழுசாகச் சொல்லவேண்டும்.