ஆரம்பப் பிரிவில் மோட்டாரைப் பூட்டுங்கள், ஸ்டியரிங்கைத் திறந்துவிடுங்கள்

கொழும்பிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ரிமோட் பகி (ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார்) பந்தயங்களை ஏற்பாடு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆரம்பப் பிரிவுக்கு நீங்கள் வகுத்திருக்கும் விதிகளில் ஒன்றை மாற்றும்படி கேட்டு இதை எழுதுகிறேன். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் பெட்டியில் வந்தபடியே இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. மோட்டாரும் பற்றரியும் தேய்ந்துபோகிற பொருட்கள் என்பதால் அவற்றை விரும்பியபடி மாற்றலாம் என்றும் சொல்கிறது. இதைத் தலைகீழாக்குங்கள். எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஒரே வகைப் பற்றரி என்று கட்டிப்போடுங்கள். சில்லைத் திருப்புகிற பாகங்களையும், சில்லை மண்ணோடு ஒட்டி வைத்திருக்கிற பாகங்களையும் திருத்திக்கொள்ள இடம் கொடுங்கள்.

வாகனங்களின் முன்சில்லு அலைன்மன்ட், அதாவது சில்லுகளை நேர்ப்படுத்துவது, என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தடத்தோரத்தில், பிள்ளைகளின் கார்களைத் திருத்தும் மேசையில் நிற்பேன். வாரநாட்களில் வேன்களிலும் கார்களிலும் எதைத் தேடுகிறேனோ அதையே இந்தச் சின்னப் பகிகளிலும் பார்க்கிறேன்: தேய்ந்த புஷ் (அச்சைத் தாங்கும் சிறு வளையம்), ஆடும் போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு), அளவு பிசகிய டை ரொட் (சில்லைத் திருப்பும் கம்பி).

உங்கள் விதியின் நோக்கம் நேர்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பளபளக்கும் அலுமினியப் பாகங்களோடு வந்து, மற்றப் பிள்ளை மனமுடைந்து போகக்கூடாது என்று நினைத்தீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தாண்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டில் இந்தப் பொழுதுபோக்கையே கைவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் கட்டுப்பாட்டைத் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள்.

புதிதாக வாங்கிய ஓர் ஆரம்பநிலைப் பகியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேர்வோவின், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரின், கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்சில்லை இடமும் வலமும் ஆட்டுங்கள். சில்லு அசையும். சேர்வோவை அடியிலிருந்து காக்கும் வில் பாகமான சேர்வோ சேவரில் கொஞ்சம், நடுவிலுள்ள ஸ்டியரிங் கைகளில் கொஞ்சம், டை ரொட்டின் இரு முனைகளிலும் கொஞ்சம், சில்லைத் தாங்கித் திரும்பும் நக்கிளுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷில் கொஞ்சம் என்று ஆட்டம் சேர்ந்துகொண்டே போகும். நக்கிளின் கை 15 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே சில்லு ஏறத்தாழ 4 பாகை தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். 10 மீட்டர் தூரத்துக்கு அந்தக் கோட்டை நீட்டினால் அரை மீட்டருக்கும் மேல் விலகிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் பகி அந்தப் பத்து மீட்டரை 1.2 செக்கனில் கடந்துவிடுகிறது.

முதன்முதலாக ரிமோட்டைக் கையிலெடுத்த பிள்ளையிடம் இந்தக் காரைத்தான் கொடுக்கிறோம். நேர்ப்பாதையில் கார் இடப்பக்கம் இழுக்கிறது. பிள்ளை வலப்பக்கம் திருப்புகிறது. முதலில் ஆட்டம் தீர வேண்டும், அதன்பின்தான் சில்லு திரும்பும். அதற்குள் பிள்ளை இன்னும் கூடுதலாகத் திருப்பியிருக்கும். கார் வலப்புறத் தடுப்பில் போய் மோதும். தன் கை செய்தது எது, காரின் ஆட்டம் செய்தது எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. தனக்கு ஓட்டத் தெரியாது என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறது. இப்படிப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சேர்வோ சேவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதியால் அதிகம் பாதிக்கப்படுவது அதுதான். முன்சில்லு கல்லில் மோதும்போது வளைந்துகொடுத்து, சேர்வோவின் பற்சக்கரங்கள் உடையாமல் காப்பது அதன் வேலை. பெட்டியோடு வரும் சேவர்கள் பலவற்றில் அந்த வில் மிகவும் மெலிந்தது. கல்லுக்கு மட்டுமல்ல, வளைவில் மண் கொடுக்கும் சாதாரண எதிர்ப்புக்கும் அது வளைந்துவிடும். சேர்வோ முழுவதும் திரும்பியிருக்கும், சில்லு பாதிதான் திரும்பியிருக்கும். இத்தகைய கார்களைச் செய்யும் ஜப்பானின் டமியா நிறுவனமே இதற்காக வலுவான வில் கொண்ட சேவரைத் தனியாக விற்கிறது. தன் டிடி-02 வகைக் கார் அடித்தளத்துக்கு ஸ்டியரிங் மேம்பாட்டுப் பாகங்களையும் அதே நிறுவனம்தான் தயாரித்துக் கொடுக்கிறது. காரை வடிவமைத்தவர்களே குறையை உணர்ந்து மருந்தும் செய்து வைத்திருக்கும்போது, அதைப் பூட்டிய பிள்ளையை உங்கள் பரிசோதனை மேசை திருப்பி அனுப்புகிறது.

சேர்வோவும் அப்படித்தான். நீண்டகாலம் எல்லோரும் பாவித்த ஃபுடாபா எஸ்3003 சேர்வோ 4.8 வோல்ட்டில் 60 பாகை திரும்ப 0.23 செக்கன் எடுக்கும். அதன் வலு 3.2 கிலோகிராம்-சென்ரிமீட்டர். தளர்வில்லாத ஸ்டியரிங்கோடு சேர்ந்தால் ஆரம்பப் பிரிவுக்கு அதுவே தாராளம். வேகமான, விலைகூடிய சேர்வோவை நான் கேட்கவில்லை. இருப்பதன் வேலை சில்லுவரை போய்ச் சேர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது பேரிங். எங்கள் தடம் கிரவல் மண். வெயிலில் மாவாகப் பறக்கிறது, ஒரு மழை பெய்தால் பசையாகிறது. இரண்டும் பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் புகுந்து அரைக்கின்றன. சில பந்தய நாட்களிலேயே புஷ்ஷின் துளை நீள்வட்டமாகிவிடும். இரு பக்கமும் மூடிய சிறு பேரிங்குகளைப் போட்டால் ஆட்டமும் குறைகிறது, மோட்டாருக்கும் சுமை குறைகிறது. பல டமியா கார்களில் பாவிக்கப்படும் 5×11×4 மில்லிமீட்டர் அளவு உலகப் பொது அளவு. எம்ஆர்115 என்று எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். காரின் பெயர் அச்சிட்ட பொதிதான் வேண்டும் என்றில்லை. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் வாங்கிப் பழகிய எந்தத் தகப்பனுக்கும் இது புதிய வித்தை அல்ல. பேரிங்கை 'மேம்பாடு' என்று தடைசெய்துவிட்டு, தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் அதே புஷ்ஷைத்தான் வாங்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துக்குச் செலவை மிச்சப்படுத்துவதில்லை.

டை ரொட்டை நீளம் மாற்றக்கூடியதாக வைக்க அனுமதியுங்கள். ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை கொண்ட டர்ன்பக்கிள் கம்பி போதும். கழற்றாமலேயே நடுவில் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரு முன்சில்லுகளும் ஒரே கோட்டில் பார்க்கும்படி வைக்க இதைவிட எளிய வழி இல்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று அடிமட்டத்தை வைத்து முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து, அரைச்சுற்றுத் திருகி, மீண்டும் ஓட்டிப் பார்த்து, "இப்போது நேராகப் போகிறது" என்று சொல்லும்போது அதன் முகத்தில் வரும் மகிழ்ச்சியை எந்த மோட்டாரும் தராது.

சஸ்பென்ஷனில் நான் கேட்பது இன்னும் சிறியது. எண்ணெய் இல்லாத, வில் மட்டுமே உள்ள ஷொக் (அதிர்வுதாங்கி) பூட்டிய பகி மேட்டிலிருந்து விழுந்தால் துள்ளும். துள்ளும் நேரம் முழுவதும் சில்லு மண்ணில் இல்லை, ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை. எண்ணெய் ஷொக்கை அனுமதியுங்கள். அதற்குள் ஊற்றும் சிலிக்கன் எண்ணெயின் தடிப்பையும், வில்லின் வலுவையும் ஓட்டுபவரே தெரிவு செய்யட்டும். எண்ணெய் சூட்டில் இளகும். குளிர்நாட்டை மனதில் வைத்துப் பெட்டியில் கொடுக்கும் எண்ணெய், வைகாசி நண்பகலில் கொழும்பு வெயிலில் நிற்கும் காருக்கு மெலிந்துவிடுகிறது. ஒரு படி தடித்த எண்ணெய்தான் எங்கள் தடத்துக்கு ஒத்துவருகிறது என்பது என் அனுபவம். ஒரு சிறு போத்தல் பல கார்களுக்குப் போதும். எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் மேலேறி மறையும்வரை பொறுத்திருந்து மூட வேண்டும். பொறுமையைத் தவிர வேறு செலவு இல்லை.

திறந்துவிட்டால் எல்லாவற்றையும் அலுமினியத்துக்கு மாற்றிவிடுவார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆகவே சில்லை அடித்தளத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் பிளாஸ்டிக்கிலோ நைலோனிலோதான் இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மோதும்போது பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து நிமிரும். மிஞ்சினால் அது மட்டும் உடையும். அலுமினிய ஆர்ம் அடியை அப்படியே உள்ளே கடத்தி, அது பூட்டியிருக்கும் பற்சக்கரப் பெட்டியையோ அடித்தளத்தையோ பிளக்கும். அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, அலைன்மன்ட்டை என்றென்றைக்கும் கெடுக்கும். அமெரிக்காவின் ஆர்பிஎம் நிறுவனம் வளைந்துகொடுக்கும் நைலோன் ஆர்ம்களுக்காகவே பேர் பெற்றது. அலுமினியத்துக்கு நியாயமான இடம் ஒன்றுதான்: நடுவில் ஸ்டியரிங்கைச் சுழற்றும் கைகள். அவை வளையக்கூடாதவை.

இனி மோட்டார். உங்கள் விதி இப்போது பிள்ளைகளை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. வளைவில் இழந்த நேரத்தை வேறு வழியில் மீட்க முடியாததால் நேர்ப்பாதையில் மீட்கப் பார்க்கிறார்கள். வேகமான புரஷ்லெஸ் மோட்டாரும் இரண்டு செல் லிபோ பற்றரியும் பூட்டிய பகி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவது இன்று அரிதல்ல. 25இல் போகும் காரைவிட 50இல் போகும் காரின் மோதல் சக்தி நான்கு மடங்கு. கைப்பிடி கழன்ற ஓட்டோவுக்குப் பெரிய இயந்திரம் பூட்டுவது போன்ற வேலை இது. தடுப்புக்கு அப்பால் நிற்பது சின்னப் பிள்ளைகளும் தாய்மாரும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வெள்ளி நிற 540 என்ற சாதாரண மோட்டார் ஒன்றையே எல்லோருக்கும் நிர்ணயித்தால் வேகப்போட்டியும் செலவுப்போட்டியும் அங்கேயே நின்றுவிடும்.

பாதுகாப்பை முன்வைத்து ஓர் எச்சரிக்கையை நானே சேர்க்கிறேன். வலுவான உலோகப் பல் சேர்வோ அதிக மின்னோட்டம் இழுக்கும். மலிவான வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் சேர்த்து 1 அல்லது 2 அம்பியர் மட்டுமே கொடுக்கும். சில்லு எங்காவது சிக்கும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து, ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் இயங்கும். அந்தக் கணத்தில் கார் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. ஆகவே சேர்வோவை மாற்றியவர், காரைக் கையில் தூக்கிப் பிடித்து, முன்சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டே முழுவதும் திருப்பிக் காட்டட்டும். ரிசீவரின் விளக்கு அணைந்தால் தடத்தில் இறங்க விடாதீர்கள். நீங்கள் இப்போது நடத்தும் பரிசோதனையில் இது இல்லை. சில்லின் ஆட்டத்தைப் பார்ப்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு காருக்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த விளையாட்டின் சரித்திரத்தையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1984இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 என்ற பகி வந்தபோது பந்தயப் பகியின் உருவமே மாறியது. அதில் எண்ணெய் ஷொக் இருந்தது. நீளம் மாற்றக்கூடிய கம்பிகள் இருந்தன. ஓட்டுபவர் தன் காரைத் தானே திருத்தி அமைக்கலாம் என்ற எண்ணம் அத்தோடு வேரூன்றியது. ரிமோட் கார் பந்தயத்தில் 14 உலகப் பட்டங்கள் வென்ற ஜப்பானியர் மசாமி ஹிரோசாக்காவின் காலம் முழுவதும், காரை அமைக்கத் தெரிந்தவர்களே வென்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதவை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டு, மேல்பிரிவுக்குப் போன பின் திடீரென்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பஸ்ஸில் காரைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எங்கள் மேசைதான் அவர்களின் வகுப்பறை.

ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கினால் தடம் மூடப்படும். அதற்கு முன் விதியைத் திருத்த நேரம் இருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் தாருங்கள். ஒரே மோட்டார், ஒரே பற்றரி கொண்ட இரண்டு பகிகளைக் கொண்டு வருகிறேன். ஒன்று பெட்டியில் வந்தபடி. மற்றதில் பேரிங், வலுவான சேவர், டர்ன்பக்கிள், எண்ணெய் ஷொக் மட்டும் மாற்றியது. மாற்றிய பாகங்களின் பற்றுச்சீட்டுகளையும் மேசையில் வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ரிமோட்டையே தொட்டிராத ஒருவரை அழைத்து வந்து இரண்டையும் ஓட்ட விடுங்கள்; விதியை எப்படி எழுதுவது என்பதை அதன்பிறகு பேசுவோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
திருத்தும் மேசையிலிருந்து ஒருவன்
கொழும்பு