துவக்கைத் தூக்குபவரிடம் கேளுங்கள்: ஸ்வால்பார்ட் பயண ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணாமார், அக்காமாருக்கு,

வணக்கம். நோர்வேயின் வடதுருவத் தீவுகளான ஸ்வால்பார்ட்டில், ஓகஸ்டில் எங்கள் முகாமருகே பனிக்கரடி வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். கரடி எங்கள் பக்கம் வராமல் கரையோடு திரும்பிப் போய்விட்டது, அதனால் பேச இனி ஒன்றுமில்லை என்று கடைசிக் கூட்டத்தில் முடித்துவிட்டீர்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. அன்றிரவு கரடிக் காவல், மற்றவர்கள் தூங்கத் துவக்கோடு விழித்திருக்கும் வேலை, என் முறை.

என் கையில் இருந்தது நீங்கள் ஸ்வால்பார்ட்டின் முக்கிய ஊரான லொங்இயர்பியேனில் வாடகைக்கு எடுத்துத் தந்த பழைய மவுசர் என்ற ஜெர்மன் துவக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மன் படை விட்டுப்போன துவக்குகளை நோர்வே .30-06 என்ற அளவு ரவைக்கு மாற்றிக்கொண்டதே, அந்த வகை. கெட்ட துவக்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிடங்கு என் கைக்கு நீளம். தோளில் வைத்தால் கன்னம் படியவில்லை. கையுறையோடு விசை வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. கழற்றினால் கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துப்போனது. பாதுகாப்புத் தாழ், ரவையை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் போல்ட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. வலப்பக்கம் சாய்ந்தால் எல்லாம் பூட்டு. இடப்பக்கம் சாய்ந்தால் சுடும். நேரே நிமிர்ந்து நின்றால் போல்ட் ஓடும், ரவை வெளியே விழும், வெடி மட்டும் வராது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கரடி கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றபோது நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.

2011 ஓகஸ்டில் வொன் போஸ்ட் பனியாற்றருகே பிரித்தானிய மாணவர் முகாமில் நடந்ததை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. சுற்றிக் கட்டிய எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. மவுசரை எடுத்தவர் போல்ட்டைத் திரும்பத் திரும்ப இழுத்தார், ரவைகள் வெடிக்காமலே நிலத்தில் விழுந்தன. விழுந்த ரவையொன்றைப் பொறுக்கிப் போட்டுத்தான் கடைசியில் கரடியைச் சுட்டார். அதற்குள் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துவிட்டான். அந்த வயதில் எங்கள் பிள்ளைகளும் இந்தப் பயணத்துக்கு வருகிறார்கள்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். காவலுக்கு நிற்கப்போகிறவர் தன் கைக்குப் பொருந்தும் துவக்கைத் தானே தெரிவுசெய்யட்டும். அதே துவக்கால், கையுறை போட்டுக்கொண்டு, புறப்படுமுன் சுட்டுப் பழகட்டும்.

இதற்குப் பதிலாக "அடுத்த முறை இன்னும் பெரிய துவக்காக எடுப்போம்" என்கிறீர்கள். ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகம் கேட்பது ஆகக் குறைந்தது .308 அல்லது .30-06 அளவு ரவை போடும் துவக்கு. .308 போதும். துவக்கு தோளில் இடிக்கும் அடி பலமாக இருந்தால் முதல் வெடியோடு ஆள் மிரண்டுவிடுவார், இரண்டாவது வெடி வானத்துக்குத்தான் போகும். கரடி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். 30 மீற்றரைக் கடக்க அதற்கு மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடிக்குள் தாழைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நெஞ்சில் படாத ரவை காயப்பட்ட கரடியைத்தான் எங்களுக்கு மிச்சம் விடும். 1973 முதல் சட்டம் பாதுகாக்கும் விலங்கு அது. அதன் நிலத்துக்கு நாங்கள்தான் போகிறோம். சுடுவது கடைசி வழி என்றால் முதல் வழி சிக்னல் பிஸ்டல், சத்தமும் வெளிச்சமுமாக வெடித்துக் கரடியை விரட்டும் கைத்துவக்கு. அது பயணப்பையின் அடியில் கிடந்தது. அதன் வெடி கரடிக்கு முன்னால் வெடிக்கவேண்டும், தாண்டிப்போய்ப் பின்னால் வெடித்தால் கரடி எங்களை நோக்கியே ஓடிவரும் என்பதைக் காவல் நின்றவர்களில் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்?

சூடான கூடாரத்துக்குள் துவக்கைக் கொண்டுபோகச் சொன்னதும் நீங்கள்தான். உள்ளே ஈரம் பிடிக்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் உறையும், போல்ட் இறுகும். துவக்கு வெளிவாசல் குளிரிலேயே இருக்கவேண்டும், எண்ணெய் மிகக் குறைவாகப் பூசவேண்டும் என்பதை வாடகைக் கடையிலேயே கேட்டிருக்கலாம்.

கூட்டத்தில் ஒருவர், "துவக்கு எங்கட சனத்துக்குப் புதுசே?" என்று கேட்டார். பலர் சிரித்தீர்கள். என் அம்மா துவக்குச் சத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்தவர். சிரித்தவர்களின் வீடுகளிலும் அதே கதைதான் இருக்கும். துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்தோம் என்பதால் பனியில் நின்று குறிபார்க்கத் தெரிந்துவிடாது. அந்தப் பேச்சு எனக்கு மிகவும் வலித்தது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். காவல் முறையைப் பெண்களுக்கும் சமமாகப் போடுகிறீர்கள், அது சரி. ஆனால் துவக்கு எடுக்கக் கடைக்குப் போனவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்க எத்தனை கூட்டம் வைக்கிறோம்! உயிர்க்காவலுக்கு ஒரு கூட்டம் வைக்க ஏன் மனம் வரவில்லை?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் எங்களில் பலர் அந்த நிலத்தைக் கண்டிருக்கவே மாட்டோம், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அடுத்த பயணத்துக்குப் பெயர் பதியத் தொடங்குமுன், காவல் நிற்க ஒப்புக்கொண்டவர்களை மட்டும் ஒருநாள் அழையுங்கள். சூட்டுப் பயிற்சித் திடலில் ஒரு பயிற்சியாளரோடு சில வகைத் துவக்குகளை அவரவர் தோளில் வைத்துப் பார்க்க விடுங்கள். எது பொருந்துகிறதோ அதையே வாடகைக்கு எடுப்போம், செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். எதுவும் பொருந்தாதவர் காவலுக்கு நிற்கவேண்டாம். இதைத் தயவுசெய்து அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடுங்கள்.

பணிவுடன்,
காவல் நின்றவர்களில் ஒருத்தி
ஒஸ்லோ